ஆறாம் நாள் பச்சை

அந்தப் பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதே மூன்று வாரம் என் தங்கச்சி அவள் புருஷன் கையால் நிஜமாகவே உதைபட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. எவள் எங்கே அடிபட்டாலும் தோலைப் பார்த்தே எத்தனை நாள் காயம் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். கூடப் பிறந்தவள் உடம்பில் நடந்தது மட்டும் என் கண்ணுக்குப் படவில்லை. இதைச் சொல்லும்போதே என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் தொழில் காயம் போடுவது. சினிமாவில் ஆட்களை அழகாக்குகிற கூட்டம் வேறு. கிழிந்த உதடு, வீங்கிய கன்னம், முட்டியில் உரிந்த தோல், தொண்டையில் பதிந்த விரல் தடம் எல்லாம் என் பொறுப்பு. செட்டில் என்னைக் ‘காயம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்றும் பெயர் உண்டு. நான் போட்ட வெட்டுக்காயத்தை டீ குடிக்கும்போது துடைத்துவிட்ட ஒரு நடிகனின் முகத்தில் பவுடர் டப்பாவை விட்டெறிந்திருக்கிறேன். டப்பா குறி தவறி லைட்மேன் மண்டையில் பட்டது. அவனுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

ரத்தக்கட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அடி விழுந்த அன்று சிவப்பு. மறுநாள் கத்தரிக்காய் ஊதா. மூன்றாம் நாள் நடுவில் ஈரல் நிறம், ஓரம் கறுப்பு. ஆறாம் நாள் ஓரத்திலிருந்து பச்சை கிளம்பும். பத்தாம் நாள் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. இதில் உயிரை வாங்குவது அந்த ஆறாம் நாள் பச்சைதான். மற்றதெல்லாம் எந்தக் கழுதையும் போட்டுவிடும். பச்சையில் கொஞ்சம் சாம்பல் இருக்க வேண்டும், அடியில் ஊதா தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும்.

அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்த படத்தில் நாயகியைப் பத்து நாள் ஒரு குடோனில் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். முதல் நாள் ஷூட்டிங்கிலேயே விபரீதம். அடிவாங்க வந்த டூப் பெண் தலையைத் திருப்ப அரை நொடி தாமதித்துவிட்டாள், எதிரே நின்ற ஸ்டன்ட்காரன் முஷ்டி அவள் தாடையில் இறங்கியது. பல் ஒன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சண்டை மாஸ்டர் ஐஸ் கேட்டுக் கத்துகிறார், அந்தப் பெண் கையில் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு தரையைக் கெடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கிறாள். நானோ அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சிவப்பு இன்னும் ஆறு நாளில் எப்படி மாறும், அதை எதால் போடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது புத்தி. அப்படி ஒரு ஜென்மம் நான்.

அன்று மாலை புதுக் கேமராவில் நாயகியின் முகத்தைப் பார்த்தார்கள். மயிர்க்கால் எல்லாம் தெரிகிற கேமரா. கேமராமேன் என்னைக் கூப்பிட்டு, பச்சை மட்டும் ஒட்டவே இல்லையே அக்கா என்றான். டைரக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கேமரா டெஸ்ட், நானும் வரலாம், இன்னொருவனும் வருவான், தேறுகிறவருக்குத்தான் மீதிப் படம் என்று செய்தி வந்தது. இன்னொருவன் யாரென்று கேட்கவே வேண்டாம். பிளாஸ்திரி. செட்டில் அந்தப் பெயர்தான் அவனுக்கு; முன்பு என்னிடம் உதவியாளாகப் பஞ்சு பிழிந்தவன், இப்போது எனக்கே குழி தோண்டுகிறான்.

அந்த வாரம்தான் ஒரு பெரிய மேக்கப் சாமான் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பெரிய வீட்டுப் பெண்கள் கண்ணிமையில் பூசிக்கொள்கிற ஐஷேடோ. வாயில் நுழையாத கம்பெனிப் பெயர், மூடியில் பொன் எழுத்து, உள்ளே இருபது நிறம். இரண்டாவது வரிசையில் மூன்றாவது பச்சை. விரலில் தொட்டுப் புறங்கையில் தேய்த்தேன். சாம்பல் இருந்தது. அடியில் ஊதாவும் இருந்தது. விலையைத் திருப்பிப் பார்த்ததும் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். என் நாற்பது நாள் கூலி.

அதன்பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் போகும்போது வாங்கிவிடு என்பேன், இறங்கும்போது உனக்கென்ன கொழுப்பா என்பேன். வாடகை நினைவுக்கு வரும், உடனே பிளாஸ்திரியின் மூஞ்சியும் வரும். ஒரு நாள் வாங்கியே தீருவது என்று போய்விட்டு ஐந்து ரூபாய் பஞ்சுக் கட்டோடு திரும்பினேன். கடைக்காரப் பெண் என்னைக் கண்டதும் தொட்டுப் பார்ப்பதற்கென்று திறந்து வைத்திருக்கும் டெஸ்டர் பெட்டியைத் தானாகவே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். வெட்கம் கெட்டுப்போய் ஏழெட்டுத் தடவை போனேன்.

தங்கச்சி மட்டும் விடாமல் வாங்கு வாங்கு என்றாள். தினமும் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் பண்ணுவாள். அவளுக்கு ஒரு சலவைக் கடையில் துணிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை.

“வாங்கிடுக்கா. அந்தப் படம் கெடைச்சா ரெண்டு ரூம் வீடா பாக்கலாம்ல.”

“ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடி ரெண்டு ரூமு? ஒண்ணுல நான், இன்னொண்ணுல என் கோவமா?”

அவள் சிரிக்கவில்லை. சும்மாதான் சொன்னேன் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள். என் வீடு ஒரே அறை. பாயை விரித்தால் கதவு திறக்காது, மீதி இடமெல்லாம் காயப் பெட்டிகள். என் வசதிக்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று நினைத்து எனக்குப் பெருமை வேறு.

டெஸ்டுக்கு நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அவளையும் கடைக்கு வரச் சொன்னேன். அவள் கைதான் எட்டு வருஷமாக எனக்குச் சோதனைப் பலகை. என் கை மேக்கப் அழிக்கிற ரிமூவர் பட்டுப் பட்டு வெளுத்துக் கிடக்கிறது, அதில் எந்த நிறமும் உண்மை பேசாது. அவளுடையது நல்ல தோல். எத்தனை கண் வீக்கம், எத்தனை கழுத்து நெரிப்பு அவள்மேல் போட்டுப் பழகியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, இதோ என் வேலை என்று என் இணையப் பக்கத்தில் போட்டும் வைத்திருக்கிறேன்.

அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். கொளுத்துகிற வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை. என்னடி வேஷம் என்றேன். வெயிலில் கறுத்துவிடுவேன் என்றாள். இன்றைக்கு உன் கையிலேயே போட்டுப் பாரேன் என்று இழுத்தாள். நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அங்கே வேறு பிரச்சினை. டெஸ்டரில் அந்தப் பச்சைக் குழி மட்டும் காலி, அடித் தகரம் பளபளக்கிறது. மூன்று வாரமாக நான்தான் சுரண்டித் தீர்த்திருக்கிறேன்.

புதிதைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தால் திருப்பி வாங்க மாட்டோம் என்றாள் கடைக்காரப் பெண், மரியாதையாகத்தான். ஆக, பார்க்க வேண்டுமென்றால் வாங்க வேண்டும். நின்றேன். கூலியெல்லாம் ஒரு பக்கம், பிளாஸ்திரி ஒரு பக்கம். தங்கச்சி என் தோளைத் தொட்டு, “வாங்குக்கா. இன்னிக்கு விட்டா அப்புறம் முடியாதுக்கா” என்றாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. எனக்கு உறைக்கவில்லை, ஆனால் அந்தக் குரலுக்காகத்தான் பணத்தை எடுத்து வைத்தேன். கடைக்காரப் பெண் பில் அடித்தாள். மூடியைத் திறந்து, கட்டைவிரலைப் பச்சையில் அழுத்தி எடுத்துக்கொண்டு, தங்கச்சி கையை வெடுக்கென்று இழுத்துச் சட்டையைத் தோள் வரை சுருட்டினேன்.

மேல்கையில் நாலு விரல் தடம். உள்பக்கம் கட்டைவிரல். ஓரமெல்லாம் சாம்பல் கலந்த பச்சை, நடுவில் வற்றிக்கொண்டிருக்கும் ஊதா. நான் மூன்று வாரமாகத் தேடிய நிறம் அச்சு அசலாக அங்கே இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பொறாமை. என்ன வேலை, எவன் போட்டான் இதை என்று பிரமித்து நின்றேன். அடுத்த நொடி பிளாஸ்திரி என்று மண்டையில் அடித்தது. எனக்கு எதிராக டெஸ்டுக்கு வருகிறவனுக்கு என் தங்கச்சியே கையை நீட்டியிருக்கிறாள். அதனால்தான் முழுக்கைச் சட்டை, அதனால்தான் தாமதம். ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

யாருக்குடி கையக் குடுத்த என்று கேட்டேன். அவள் சட்டைக் கையைக் கீழே இறக்கப் பார்த்தாள். அதையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். கடை மேடையில் இருந்த ரிமூவர் பாட்டிலைப் பஞ்சில் கவிழ்த்து, அவள் முழங்கைக்கு மேல் என் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தடத்தைத் தேய்த்தேன். போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு திரிதிரியாகப் பிய்ந்தது. எச்சில் துப்பித் தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன். என்னத்தைப் போட்டான் அந்தப் பயல், என்ன பசை இது என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுரண்டினேன். அவள் இன்னொரு கையால் மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முனகல் இல்லை. அவ்வளவு பழக்கம் அவளுக்கு.

கடைக்காரப் பெண்தான் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மேடம், விடுங்க. அது மேக்கப் இல்ல.”

உலகத்தில் யார் வேண்டுமானாலும் எனக்கு அதைச் சொல்லியிருக்கலாம். கண்ணிமை பவுடர் விற்கிற பெண் சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் எங்களை உட்கார வைத்து அவள் கதவைச் சாத்தினாள். தங்கச்சி சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். விலாவில் ஷூவின் குதிகால், ஈரல் நிறம், மூன்று நாள். முதுகில் பெல்ட் பக்கிளின் சதுரம், இரண்டு, ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு. தோளில் பல் தடம். இது ஞாயிற்றுக்கிழமை, இது போன வாரம், இது அதற்கு முந்தின வாரப் புதன் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்தப் புதன்கிழமை நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். மாப்பிள்ளை எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், அக்கா இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க என்றார். இப்படி ஒரு தங்கமான மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நான் வாய் கொள்ளாமல் மெச்சிவிட்டு வந்தேன்.

“நான் போன பெறகா?”

“நீ படி எறங்கினதும்.”

ஏண்டி என்கிட்ட சொல்லல என்று கத்தினேன். கத்தத்தான் தெரியும் எனக்கு. அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“ஒரே ரூம்ல நான் எங்கக்கா வருவேன்? அதான் ரெண்டு ரூம் வீடு பாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அப்போது எனக்கு வந்த வெறியில் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டேன். மூலையில் கிடந்த முக்காலியைக் கையில் எடுத்துவிட்டேன், அவன் ஆபீஸ் எங்கே என்று கேட்கிறேன். தங்கச்சிதான் முக்காலியைப் பிடுங்கி வைத்தாள். இனிமேல் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன், ஆனால் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் போவேன், அடித்துவிட்டு வந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்றாள். அவள் புத்திசாலி. அவள் பேச்சை நான் அன்று முழுக்கக் கேட்டிருக்கலாம்.

காவல் நிலையம் நாலு தெரு தள்ளி. அங்கே ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும், நல்ல ஜலதோஷம், ஈர டிஷ்யூ டப்பாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தங்கச்சி சொன்னதை எல்லாம் பொறுமையாகத்தான் கேட்டாள். கையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். புருஷன் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குப் போன் போட்டாள்.

இருபது நிமிடத்தில் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். என்னைப் பார்த்து, வாங்கக்கா என்றான், ஏதோ அவன் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. அதிகாரி விஷயத்தைச் சொன்னதும் பதறவில்லை. வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு, தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

என் இணையப் பக்கம். நான் பெருமையாகப் போட்டு வைத்த போட்டோக்கள். தங்கச்சி வீங்கிய கண்ணோடு, தங்கச்சி கிழிந்த உதட்டோடு, தங்கச்சி கழுத்தில் பத்து விரல். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான்.

“இது எங்க கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது மேடம். இதுக்கும் நான்தான் காரணமா? இந்த அக்காவுக்குத் தொழிலே இதுதான்.”

அதிகாரி குனிந்து பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன், இதெல்லாம் பூசியது, கையில் இருப்பது அடித்தது என்றேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாகக் கேட்டது. அவன் கண் அதற்குள் என் மடியில் இருந்த கடைப் பைக்குப் போய்விட்டது. என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள் மேடம் என்றான். அதிகாரி கையை நீட்டினாள். கொடுத்தேன், வேறென்ன செய்ய. பெட்டியைத் திறந்தாள், பில்லைப் பார்த்தாள், விலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அன்றைய தேதி, அன்று காலை நேரம். பச்சையைப் பார்த்தாள், தங்கச்சி கையைப் பார்த்தாள், மறுபடி பச்சையைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஒன்றாக இருக்கிறது என்பதற்காகத்தானே நாற்பது நாள் கூலியைக் கொட்டியிருக்கிறேன்.

“கண்ணுக்குப் போடுற பவுடருக்கு இவ்வளவு காசு யாராவது குடுப்பாங்களா மேடம்?” என்றான் அவன்.

நான் பாய்ந்துவிட்டேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கியதில் நாலைந்து பொத்தான் தெறித்து எங்கோ உருண்டது. மூக்கில் ஒன்று வைத்தேன், இன்னொன்று வைப்பதற்குள் ஏட்டு பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து பீரோமேல் மோதினார். முழங்கை இடித்து உயிர் போனது. அவன் கையைத் தூக்கவே இல்லை. மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைக் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டு, பாத்தீங்களா மேடம் என்றான்.

அதிகாரி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். இன்னொரு தடவை கை நீண்டால் உள்ளே வைத்துவிடுவேன் என்றாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு ஈர டிஷ்யூ உருவி, தங்கச்சி கையைப் பிடித்துத் தேய்த்தாள். நான் காலையில் தோலை உரித்து வைத்திருந்த அதே இடம். தங்கச்சி அசையவில்லை. அதிகாரி முழங்கைக்கு மேலே துடைத்தாள், டிஷ்யூவைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பச்சை.

கடையில் நான் இறுக்கிப் பிடித்த இடம் அது. என் கட்டைவிரல் பச்சை. கத்தினேன், விளக்கினேன், பெற்றவள்மேல் ஆணை வைத்தேன். கேட்பார் இல்லை. காலையில் நானே நம்பவில்லை, நானே தேய்த்துப் பார்த்தேன். இந்த அதிகாரியை எந்த வாயால் குறை சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரி தங்கச்சியிடம் சொன்னாள். என்னை மட்டும் விடவில்லை. ஸ்டேஷனுக்குள்ளேயே ஒருவனை ரத்தம் வர அடித்திருக்கிறேன், அவன் எழுதிக் கொடுத்தால் என்னை அனுப்ப முடியாது. அவன் உடனே பெருந்தன்மைக்கு வந்துவிட்டான். அக்கா மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை, கேஸெல்லாம் வேண்டாம், இவள் என்னோடு வீட்டுக்கு வந்தால் போதும் என்றான். சொல்லிவிட்டு அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

என்னைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் அவனோடு போக வேண்டும். போனால் அன்றைக்கு ராத்திரி அவள் கதி என்ன என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். போகாதேடி, நான் உள்ளே கிடந்தால் என்ன, என் வீட்டுச் சாவி இந்தா என்று அலறினேன். ஏட்டு என் தோளை அழுத்தினார். தங்கச்சி எழுந்துவிட்டாள். சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டு மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள். போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் சட்டை தொப்புள் வரை திறந்து, உள் பனியன் ஓட்டை தெரிய நின்றதைப் பார்த்தாள். சிரித்தாள். முதலில் உதட்டில், பிறகு வாய் விட்டு. பல வருஷமாக நான் கேட்காத சிரிப்பு அது, சின்ன வயதில் என்னைக் கோட்டி பண்ணி வம்புக்கு இழுக்கும்போது சிரிப்பாளே அது. பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. அப்படி இல்லை. அவனைப் பார்த்து யாராவது சிரித்தால் எந்த இடம், யார் முன்னால் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோகும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பிறகு சொன்னாள்.

“என்ன சிரிப்பு?” என்றான்.

அவள் நிறுத்தவில்லை. அதிகாரியிடம் திரும்பி, அவனைக் கையால் காட்டினாள்.

“பட்டன் போச்சு மேடம். ஒரு பொம்பள கிட்ட அடி வாங்கிட்டு எப்படி நிக்கிறாரு பாருங்க.”

முதல் அடி விரித்த கையால் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது முஷ்டி, வாயில். மூன்றாவதற்கு அவள் தலைமுடியைக் கொத்தாகச் சுற்றிப் பிடித்து மேசை ஓரத்தில் கொண்டு போய் இடித்தான். சினிமாவில் அடிக்கு ஒரு சத்தம் சேர்ப்போம், பளார் என்று தியேட்டரே அதிரும். நிஜ அடிக்கு அவ்வளவு சத்தம் கிடையாது. மாவு மூட்டையைக் கீழே வைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதிகாரி மேசையைச் சுற்றி வருவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது. நாலாவதற்கு ஓங்கிய கையை ஏட்டு பிடித்தார். அவன் ஏட்டையும் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கினான். அவனைத் தரையில் கவிழ்த்து முழங்காலால் அழுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. கீழே கிடந்தபடியே அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், வீட்டில் என்னென்ன செய்வானோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான்.

மேசையிலிருந்து என் பெட்டி விழுந்து உடைந்திருந்தது. இருபது நிறமும் பொடியாகி எல்லோருடைய செருப்பிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் கண் ஒரு நொடி அங்கேதான் போனது. நாற்பது நாள் கூலி, வரப்போகிற டெஸ்ட், பிளாஸ்திரியின் இளிப்பு எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து போயின. பிறகுதான் நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அவளிடம் ஓடினேன்.

அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. மேசையைப் பிடித்துத் தானே எழுந்தாள். உதடு பிளந்து ரத்தம் தாடையில் இறங்கியது, நெற்றி புடைத்திருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் எங்கள் எல்லோர் கண் முன்னாலும் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. அதிகாரியின் கையில் இன்னும் அந்த ஈர டிஷ்யூ இருந்தது. தங்கச்சி குனிந்து அவள் பக்கமாகக் கன்னத்தை நீட்டினாள்.

“இதையும் தொடச்சுப் பாருங்க மேடம்.”

அதிகாரி டிஷ்யூவைக் கீழே போட்டாள். சுவரில் மணி பார்த்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.